மாதம் 200 ரூபாய் சம்பளம், 65 வருட வேலை: டாக்டர் சாந்தாவின் கணக்கை ஒரு சிஏ பார்த்தால்...



போன வாரம் நம்ம சேனல்ல "சம்பள உயர்வு கேட்பது எப்படி" வீடியோ போட்டிருந்தேன். அதுக்குக் கீழே ஒருத்தர் நேர்மாறா ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "சார், எனக்கு சம்பளம் ஏற வேண்டாம். மனசுக்குப் பிடிச்ச ஒரு சின்ன நிறுவனத்துல வேலை கிடைக்குது. ஆனா கையில வர்ற பணம் 70,000-லேர்ந்து 45,000 ஆயிடும். போகலாமா? எல்லாரும் பைத்தியமான்னு கேக்கறாங்க."

ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா இதைவிடப் பெரிய இறக்கத்தைத் தெரிஞ்சே ஏத்துக்கிட்ட ஒருத்தரோட கணக்கு எனக்கு ஞாபகம் வந்தது. சென்னைக்காரர். பேரைச் சொன்னா உங்களுக்கே தெரியும்: அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் டாக்டர் வி. சாந்தா. விருது, புகழ் எல்லாம் நிறையப் பேர் எழுதிட்டாங்க. நான் அவரை ஒரு சம்பளக்காரராப் பார்க்கப் போறேன். என்ன வேலை கையில இருந்தது, எதை விட்டார், எது அவரைத் தாங்குச்சு, நம்மால அது முடியுமா? கடைசில 45,000 ரூபாய் நண்பருக்கும் கணக்குப் போட்டுக் காட்டறேன்.

கையில் இருந்த ஆஃபர்

சாந்தா பிறந்தது 1927 மார்ச் 11, மயிலாப்பூரில். சர் சி.வி. ராமனும் எஸ். சந்திரசேகரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு நோபல். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 1949-ல் எம்பிபிஎஸ், 1952-ல் டிஜிஓ, 1955-ல் மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத்தில் எம்டி முடித்தார். அந்தக் காலத்தில் பெண் டாக்டர் என்றாலே பிரசவம் பார்ப்பவர் என்றுதான் ஊர் நினைத்தது. அவர் படித்ததும் அதே துறை.

பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்வும் எழுதி, தேறி, எழும்பூர் மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கு அரசுப் பணி நியமனம் வந்துவிட்டது. 1955-ல் அரசு டாக்டர் வேலை! நிரந்தரச் சம்பளம், பென்ஷன், மரியாதை. இன்னிக்கு உங்க வீட்டுல "கவர்மென்ட் வேலை கிடைச்சும் வேண்டாம்னுட்டான்"னு சொன்னா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அப்பவும் அதேதான். சுற்றி இருந்தவர்களுக்கு அதிர்ச்சி.

அவர் போனது எங்கே? ஒரு வருடத்துக்கு முன் திறந்த, 12 படுக்கை மட்டும் கொண்ட ஒரு குடிசை ஆஸ்பத்திரிக்கு.

அந்த 12 படுக்கை எப்படி வந்தது

இதைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர். கேன்சருக்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பல வருடங்கள் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். கேன்சர் வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று பெரிய இடங்களிலேயே நினைத்த காலம். அப்போது நம் நாட்டில் பெரிதாகச் சொல்லும்படி இருந்தது பம்பாயில் 1941-ல் தொடங்கிய டாடா மெமோரியல் மருத்துவமனை.

கடைசியில் இந்திய மாதர் சங்கத்தின் கேன்சர் நிவாரண நிதி மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் ஆஸ்பத்திரி திறந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி, வெளிநாட்டில் கேன்சர் சிகிச்சை பயின்று திரும்பியவர், அதை நடத்தினார். அவருடன் சேர்ந்த இன்னொரு டாக்டர் சாந்தா. ஒரு கட்டடம், கொஞ்சம் கருவி, இரண்டு டாக்டர். அவ்வளவுதான் மொத்த ஆள் பலம்.

இன்னிக்கு நாம "ஏர்லி ஸ்டேஜ் ஸ்டார்ட்அப்"னு சொல்றோமே, அதேதான். ஒரே ஒரு வித்தியாசம்: இதுல பங்கு கிடையாது, லிஸ்டிங் கிடையாது, "எக்சிட்"டே கிடையாது.

சம்பளம் எவ்வளவு?

முதலில் சம்பளமே இல்லாத கௌரவ டாக்டர். பிறகு நிறுவனம் கொடுக்க முன்வந்தது மாதம் 200 ரூபாயும், வளாகத்துக்குள் தங்க இடமும். 1955 ஏப்ரலில் அங்கே குடிவந்தவர், 2021 ஜனவரி 19-ல் 93 வயதில் இறக்கும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

இங்கேதான் சிஏ புத்தி வேலை செய்யுது. எல்லாரும் 200 ரூபாயைத்தான் சொல்வாங்க. எனக்குக் கண்ணுல படறது ரெண்டாவது பாதி: தங்க இடம்.

நம்ம சிடிசி-யில பெரிய தொகையை முழுங்கறது எது? வாடகை, அல்லது வீட்டுக்கடன் ஈஎம்ஐ. அது ரெண்டும் இல்லாத ஒரு வாழ்க்கையை அந்த வேலையே கொடுத்தது. கம்பெனி வாடகையில்லாம வீடு கொடுத்தா அதுக்கு ஒரு மதிப்புப் போட்டு வரி பிடிக்கறாங்க. சென்னை மாதிரி 40 லட்சத்துக்கு மேல மக்கள்தொகை உள்ள ஊர்ல, கம்பெனி சொந்த வீடுன்னா சம்பளத்துல 10%. சட்டமே அதை வருமானம்னுதான் பார்க்குது. அப்போ நாமளும் அப்படித்தானே பார்க்கணும்?

அதனால "200 ரூபாய்க்கு வேலை பார்த்தார்"ங்கறது பாதிக் கணக்கு. முழுக் கணக்கு இது: சம்பளம் குறைவு, செலவு அதைவிடக் குறைவு. கடன் இல்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பின்னால் படித்த, பெயர் பெற்ற குடும்பம் இருந்தது. இதையெல்லாம் சொல்றதால அவர் செஞ்சது சின்னதாயிடாது. ஆனா சொல்லாம விட்டா, நாளைக்கு நீங்க ஒரு பர்சனல் லோனோட, வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்பற கடமையோட, "சாந்தா அம்மா மாதிரி நானும்"னு குதிச்சிடுவீங்க. அது தப்பாப் போகும்.

அந்த 65 வருடத்தில் என்ன கட்டினார்கள்

1957-ல் கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. ஆசியாவின் முதல் கோபால்ட் இயந்திரங்களில் அதுவும் ஒன்று. 1960-ல் குழந்தைகளுக்கான கேன்சர் பிரிவு தொடங்கினார்கள். 1975-ல் மண்டலக் கேன்சர் மையமாக மத்திய அரசு அங்கீகரித்தது. கேன்சர் மருத்துவத்தைத் தனி உயர்சிறப்புப் படிப்பாக ஏற்க வைத்து, 1984-ல் அந்தப் படிப்புகளை அங்கே தொடங்கினார்கள். இன்று பல ஊர்களில் கேன்சர் பார்க்கும் டாக்டர்கள் அங்கே படித்தவர்கள்.

சாந்தா 1980-ல் டைரக்டர் ஆனார். 1997-ல் அந்தப் பதவியிலிருந்து விலகினார். நம்ம பாஷையில ரிட்டயர்மென்ட், வயசு 70. ஆனா அவர் விஷயத்துல அது விசிட்டிங் கார்டுல ஒரு வரி மாறின மாதிரிதான். செயல் தலைவராக, கடைசி வரை நோயாளிகளின் நடுவிலேயே இருந்தார். 2005-ல் மகசேசே விருது, 2016-ல் பத்ம விபூஷண். விருதுடன் வந்த பணத்தையும் நிறுவனத்துக்கே கொடுத்தார்.

மகசேசே விருது கிடைத்த காலத்தில் 12 படுக்கை 400-க்கும் மேலாக வளர்ந்திருந்தது. நோயாளிகளில் சுமார் 60% பேருக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை.

பணம் எங்கிருந்து வந்தது?

இதை நம்ம வாசகர்கள் கட்டாயம் கேப்பீங்க. கேக்கணும்.

கேன்சர் ஆஸ்பத்திரியைச் சுதந்திரமா நடத்த ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கம்பெனி வழி. பங்குதாரர் பணம் போடுவார், லாபம் வரும், பங்கின் மதிப்பு ஏறும். பெங்களூரைத் தலைமையிடமா வெச்சு டாக்டர் பி.எஸ். அஜய்குமார் வளர்த்த ஹெச்சிஜி அப்படித்தான். அவரும் கேன்சர் டாக்டர்தான். அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பி, கட்டி எழுப்பி, 2016-ல் ஐபிஓ கொண்டுவந்தார். அதுல தப்பு ஒண்ணுமில்லை. பல ஊருக்குப் புது இயந்திரம் வேகமாப் போய்ச் சேர அந்த மூலதனம் உதவும்.

ரெண்டாவது, அடையாறு வழி. பொதுநல அமைப்பு. இதுல "ஓனர்"னு யாரும் கிடையாது. வருஷக் கடைசில மிச்சம் இருந்தா யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது, ஆஸ்பத்திரிக்குள்ளயேதான் செலவாகணும். வருமானம் மூணு குழாய்ல வரும்: கட்டணம் கட்டக்கூடியவங்க தர்றது, அரசு மானியம், நம்ம மாதிரி ஆளுங்க தர்ற நன்கொடை. கட்டணம் கட்ட முடிஞ்சவர் முடியாதவரோட செலவுல ஒரு பகுதியைத் தாங்கறார்.

இந்த வழியில ஒரு பெரிய சிக்கல் இருக்கு. பணம் எப்பவும் பத்தாது. அந்தப் பள்ளத்தை யாராவது நிரப்பணும். அங்கே நிரப்பினது, வெளியில போனா பல மடங்கு சம்பாதிச்சிருக்கக்கூடிய டாக்டர்கள் வாங்காம விட்ட சம்பளம். எந்த ஆண்டறிக்கையிலும் அந்தத் தொகை நன்கொடைன்னு வராது. ஆனா ஒரு ஆடிட்டரா சொல்றேன், அதுதான் அந்த நிறுவனத்தோட முதல் மூலதனம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அந்தத் தொகையில ஒரு சின்னப் பகுதி எங்க வீட்டுக்கு வந்திருக்கு.

நான் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தப்போ எங்க அத்தைக்கு மார்பகக் கேன்சர். அத்தைக்கு அரசு வேலையும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. தையல் மெஷின் வருமானம். முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். எஸ்டிமேட்னு ஒரு தாள் கொடுத்தாங்க. அப்பா அதை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வெளியே வந்து படிக்கட்டுல உக்கார்ந்தார். "பாட்டி வீட்டை எவ்வளவுக்குப்பா எடுப்பாங்க?"ன்னு என்னைக் கேட்டார். கணக்குப் படிக்கற பிள்ளைன்னு என்னைக் கேட்டார். எனக்கு பதில் தெரியலை. என் ஸ்டைபெண்ட்ல சென்னைக்கு பஸ் டிக்கெட்தான் எடுக்க முடியும்.

அப்புறம் யாரோ சொல்லி அடையாறு போனோம். காலைல ஆறு மணிக்கு வரிசை. அங்கேயும் பணம் கட்டினோம், அத்தையோட நகை அடகுக்குப் போச்சு. ஆனா வீட்டை விக்கலை. அத்தை அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தாங்க. என் சிஏ ரிசல்ட் வந்தப்போ அவங்க கையாலதான் கேசரி சாப்பிட்டேன். அந்த வீட்டுல இன்னிக்கும் மாமாவும் அவங்க பொண்ணும் இருக்காங்க.

சாந்தா அம்மாவை நான் நேர்ல பார்த்தது ஒரே தடவை. வராந்தாவுல வெள்ளைக் கோட்டோட, குனிஞ்சபடி மெதுவா நடந்து போனாங்க. அவ்வளவுதான். ஆனா 1955-ல அவங்க வேண்டாம்னு விட்ட சம்பளத்துக்கும் எங்க பாட்டி வீடு விக்காம இருக்கறதுக்கும் தொடர்பு இருக்குன்னு எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு.

சரி, 45,000 ரூபாய் நண்பருக்கு

அவர் கொடுத்த விவரம்: கையில் 70,000. வாடகை 15,000. பர்சனல் லோன் ஈஎம்ஐ 12,000, இன்னும் 18 மாசம் பாக்கி. ஊருக்கு அனுப்பறது 10,000. சாப்பாடு, போக்குவரத்து, மத்ததெல்லாம் 13,000. மொத்தம் 50,000. சேமிப்பு 20,000.

இன்னிக்கே போனா? வரவு 45,000, செலவு 50,000. மாசம் 5,000 துண்டு விழும். கிரெடிட் கார்டுல அந்த ஓட்டையை அடைப்பீங்க. ஒரே வருஷத்துல பிடிச்ச வேலை பிடிக்காம போயிடும்.

ஏழு மாசம் பொறுங்க. சேமிப்பு 1,40,000 ஆகும். அப்போ பாக்கி ஈஎம்ஐ 11, அதாவது 1,32,000 ரூபாய். முன்கூட்டியே முடிச்சா அசல் இதைவிடக் குறைவாத்தான் இருக்கும். முன்கூட்டி அடைக்க கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் பேங்க்ல கேட்டுக்கோங்க. கடன் முடிஞ்சதும் செலவு 38,000-க்கு இறங்கும். மாசம் 32,000 மிஞ்சும். அடுத்த எட்டு மாசத்துல 2,56,000. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி 2,28,000 தான். ஆக, மொத்தம் 15 மாசம்.

அதுக்கப்புறம் 45,000-க்குப் போனா, செலவு 38,000, இன்சூரன்ஸுக்கு 2,500 ஒதுக்கினாலும் 4,500 சேமிக்கலாம். முடியும்!

ஆனா விலை இல்லாம இல்லை. மாசம் 32,000 சேமிச்ச இடத்துல 4,500. 27,500 குறைவு. அஞ்சு வருஷம் இப்படி இருந்து, அந்தப் பணம் ஆண்டுக்கு 10% வளர்ந்திருக்கும்னு ஒரு அனுமானம் வெச்சா, 25-வது வருஷக் கடைசில சுமார் 1 கோடியே 56 லட்சம் குறையும். பயப்படாதீங்க, விலைவாசி 6% ஏறும்னு வெச்சா இன்னிக்கு மதிப்புல அது 36 லட்சத்துச் சொச்சம். இதுதான் உங்க முடிவோட விலைச்சீட்டு. பார்த்துட்டு "பரவாயில்லை, எனக்கு இந்த வேலை அதைவிடப் பெருசு"ன்னு தோணினா போங்க. பார்க்காம போகாதீங்க.

போவதற்கு முன் நான்கு வேலைகள்

1. சொந்த ஹெல்த் இன்சூரன்ஸ் எடுங்க. ஆபீஸ் குரூப் பாலிசி வேலையோட போயிடும். புதுப் பாலிசியில விபத்து தவிர மத்ததுக்குப் பொதுவா முதல் 30 நாள் காத்திருக்கணும், ஏற்கெனவே இருக்கற நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம் வரை. அதனால பழைய வேலையில இருக்கும்போதே ஆரம்பிங்க. குரூப் பாலிசியிலேர்ந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கான்னு ஹெச்ஆர்-கிட்ட ராஜினாமாவுக்கு முன்னாடியே கேளுங்க.

2. அப்பா அம்மாவுக்குத் தனிப் பாலிசி. பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு, பெற்றோர் மூத்த குடிமக்களா இருந்தா பிரீமியத்துக்கு 50,000 வரை கழிவு உண்டு. புது முறையில கிடையாது. வரிச் சலுகை இல்லைங்கறதுக்காக எடுக்காம விடாதீங்க.

3. கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி எடுத்தா அதுல "கேன்சர்"ங்கற வார்த்தைக்கு என்ன விளக்கம் போட்டிருக்காங்கன்னு படிங்க. பல பாலிசியில ஆரம்ப நிலைக் கேன்சருக்குப் பணம் வராது. நோய் தெரிஞ்ச பிறகு குறிப்பிட்ட நாள் உயிரோட இருக்கணும்ங்கற நிபந்தனையும் இருக்கும்.

4. புது வேலையில சம்பளத்தை மட்டும் பேரம் பேசாதீங்க. சாந்தாவுக்கு வீடு கிடைச்ச மாதிரி, உங்க செலவைக் குறைக்கற எதையாவது கேளுங்க. வாரம் மூணு நாள் வீட்டிலேர்ந்து வேலை கிடைச்சா ஊர்ப்பக்கம் குறைஞ்ச வாடகைக்குப் போகலாம். அது கையில வர்ற சம்பளம் மாதிரிதான்.

போக முடியாதவர்களுக்கு

எல்லாராலயும் போக முடியாது. என்னாலயும் முடியலை. நான் ஆபீஸ் போட்டுத் தொழில் பார்க்கறேன், ஃபீஸ் வாங்கறேன். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஆனா அந்த மூணாவது குழாய் நம்மகிட்டதான் இருக்கு.

மாசம் 500 ரூபாய்னாலும் உங்களுக்கு நம்பிக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ டெபிட் போடுங்க. 2,000-க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா வரிக் கழிவு கிடைக்காது, பேங்க் வழியாவே கொடுங்க. கழிவு பழைய முறையில மட்டும்தான், அதுக்கு நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்க. நான் புது முறைக்கு மாறிட்டேன், ஒரு ரூபாய் கழிவு கிடையாது. இருந்தாலும் அத்தை பேர்ல மாசம் 5-ஆம் தேதி போயிட்டிருக்கு. ஈஎம்ஐ மாதிரி நினைச்சுக்கிட்டேன். எங்க வீடு வாங்கின கடன்தானே அது.

45,000 ரூபாய் நண்பரே, 15 மாசம் கழிச்சு எனக்கு ஒரு வரி எழுதுங்க. போனீங்களா, இருந்துட்டீங்களா, எதுவானாலும் சரி. மத்தவங்க உங்க வரவு செலவை கமெண்ட்ல போடுங்க, பேர் போட வேண்டாம். அடுத்த வீடியோல மூணு பேருடைய கணக்கை எடுத்து இதே மாதிரி உக்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.